வெந்நீரில் நிற்பவனும் வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவனும்

(செங்கற்பட்டில் கூடிய தமிழன்பர் கூட்டமொன்றில் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தமிழ்நெஞ்சங் கொண்ட பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு காலத்தில் என்முன் அமர்ந்து பாடங்கேட்டு இன்று முன்வரிசையில் அமர்ந்து எனக்கே தேர்வு வைக்கும் இளைஞர்களே! 

இவ்வூரின் முழுப்பெயர் செங்கழுநீர்ப்பட்டு. செங்கழுநீர் மலர்ந்த நீர்நிலைகளால் பெற்ற பெயர் என்பர். வெள்ளையன் நாவில் அது 'சிங்கிள்புட்' ஆகிப் பல்லாண்டு பலகையில் தொங்கிற்று. 1929ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் தன்மதிப்பு இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டியெறிய முடிவெடுத்ததும் இவ்வூரில்தான். ஆகலின் சொல்லைப் பற்றிப் பேசுவதற்கு இது தகுந்த ஊர். எனினும் இன்று நான் எடுத்துக்கொண்டது ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ அன்று. இடருற்ற ஒருவன், தான் இடருற்றதை எந்தச் சொல்லால் பிறர்க்குச் சொல்கிறான் என்பதே என் பேச்சு. சிறு செய்திபோல் தோன்றும். கேட்டபின் சிறிதா பெரிதா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பள்ளி மாணவர்க்கு ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யத் தந்திருந்தார்கள். தொல்லையில் இருப்பதைக் குறிக்கும் தொடர்கள் மட்டும் அதில் ஒரு முழுப்பக்கம். 'இன் ஆட் வாட்டர்', 'இன் ஏ பிக்கிள்', 'இன் ஏ சாம்', 'இன் ஏ பிக்சு', 'ஆல் அட் சீ', 'இன் தி டோல்டிரம்சு' என்று அடுக்கடுக்காய்ப் போகும். தமிழ் வகுப்பில் ஒரு மாணவன் கட்டுரை எழுதினான். "ஊழல் வெளிப்பட்டதால் அமைச்சர் வெந்நீரில் நிற்கிறார்" என்று அதில் ஒரு வரி. "ஏனப்பா, அமைச்சருக்குக் கால்வலியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகுதான், "ஐயா, அது ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டான். நல்ல வினா. அந்த ஒரு வினாவே இன்றைய பேச்சுக்கு வித்து.

தமிழிலும் வெந்நீர் உண்டு. "காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறான்" என்கிறோம். அவன் தொல்லையில் இருப்பவன் அல்லன். பறப்பவன், ஒரு நொடி பொறுக்கமாட்டாதவன். வெந்நீர் ஒன்றுதான், அது சுடுவதும் ஒன்றுதான். ஆங்கிலேயன் அதற்குள் அமிழ்ந்து கிடப்பவனைப் பார்த்தான். தமிழன் அது பட்டதும் துள்ளுகிறவனைப் பார்த்தான். இதை அதற்கு மாற்றாக வைத்தால் பொருள் கெடும். மீனையும் பாருங்கள். நீரைவிட்டு வெளியே வந்த மீன் என்றால் ஆங்கிலத்தில், பழக்கமில்லாத இடத்தில் கூச்சத்தோடு நெளிபவன். பெரிய மனிதர் விருந்துக்குப் போன எளியவனை அப்படிச் சொல்வார்கள். தமிழில் 'தரையிலிட்ட மீன்போல் துடித்தான்' என்றால் உயிர் போகிற வேதனை. அதைப் போய் விருந்துக்குச் சென்றவனுக்குச் சொன்னால், விருந்தில் நஞ்சு கலந்திருந்ததோ என்று கேட்பார்கள்.

ஆங்கிலேயனை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் தன் மொழியை எங்கிருந்து எடுத்தான் என்று பார்த்தால் அவனைப் பாராட்டவே தோன்றுகிறது. அவன் தீவில் வாழ்பவன், கப்பலேறிப் பிழைத்தவன். கப்பல் தளத்தில் கயிறிழுத்த எளிய ஆள் பேசிய பேச்சு, அவன் மொழி முழுதும் உப்பைப்போல் கரைந்து கிடக்கிறது. 'ஆல் அட் சீ' என்பது, கரை கண்ணுக்கு மறைந்து, எத்திசை எதுவென்று தெரியாத கப்பலின் நிலை. அதுவே திகைத்து நிற்பவனின் நிலையும் ஆயிற்று. 'டேக்கன் அபேக்' என்றொன்று. பின்னிருந்து தள்ளவேண்டிய காற்று திடுமெனத் திரும்பிப் பாயை எதிர்முகமாய் அறைந்தால், கப்பல் போகவும் மாட்டாது திரும்பவும் மாட்டாது தடுமாறி நிற்கும். எதிர்பாராச் சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டவனை அப்படிச் சொன்னார்கள். குடித்துத் தள்ளாடுகிறவனை 'மூன்று சீட்டுக் காற்றில்' என்பார்கள். சீட்டு என்பதைப் பாய் என்று பலர் பொருள் கொள்கின்றனர்; அஃது அன்று. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறுதான் சீட்டு. மூன்று கயிறும் அவிழ்ந்தால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். கப்பல் குடிகாரனைப்போல் ஆடும்.

'டோல்டிரம்சு' என்பதன் கதை இன்னும் சுவையானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் காற்று வீசாமல் பாய்க்கப்பல்கள் நாட்கணக்கில் அசையாது கிடந்த பகுதிக்கு அப்பெயர். கடற்பகுதியின் பெயர்தான் மனச்சோர்வுக்கு வந்தது என்று எல்லாரும் எண்ணுவர். உண்மை தலைகீழ். மனம் மந்தமாய்க் கிடப்பதற்குத்தான் முதலில் அச்சொல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கடலுக்கு ஏற்றிச் சொன்னார்கள். தன் மனத்தின் பெயரைக் கடலுக்கு வைத்துவிட்டான் கடலோடி!

'பிக்கிள்' என்பதற்கும் நம் கரைக்கும் தொலைவான ஓர் உறவு உண்டு. அஃது ஒல்லாந்தர் மொழியின் 'பேக்கல்' என்னும் சொல்லோடு உறவுடையது. ஊறுகாய் என்பது பிற்பட்ட பொருள். அதற்கு முற்பட்ட பொருள், இறைச்சியையும் மீனையும் ஊறப்போடும் உப்புநீர். அந்த ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் இடிபாடுகளோடு நிற்கிறது. அவர்கள் கல்லறைகளும் உள்ளே இருக்கின்றன. உப்புநீரில் ஊறுபவன் இடரில் இருப்பவன் என்பது ஆங்கிலத்தார் கண்ட உவமை. சேக்சுபியர், புயலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட தம் நாடகத்தில் ஒரு குடிகாரன் நிலையைச் சொல்லும்போது அத்தொடரை ஆள்கிறார். தமிழில் ஊறப்போட்டான் என்றால் என்ன பொருள்? அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டான் என்று பொருள்! இடருக்கு ஊறுகாய் நமக்குப் பயன்படாது, காலத்தாழ்வுக்குத்தான் பயன்படும். ஆனால் உப்பு நமக்கும் பயன்பட்டது. "உன்னை உப்புக்கண்டம் போட்டுவிடுவேன்" என்று அடிக்க வருகிறவன் மிரட்டுகிறானே, அந்த உப்புக்கண்டம்தான் அந்தப் பேக்கல். ஒருவன் உப்பில் கிடப்பவனைப் பாடினான். நம்மவன் உப்பில் கிடத்துபவனாய் மிரட்டினான்.

நாம் கொண்டது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த மிதவையைக் கண்டு, அதன் பெயரைக் 'கட்டுமரம்' என்றே எழுதி வைத்தார். அச்சொல் ஆங்கில அகரமுதலியில் ஏறிற்று. இன்று அவர்கள் 'காட்டமரான்' என்பது இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகு. நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டில்லை. இன்னொரு வேடிக்கை: 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் சண்டைக்காரப் பெண்ணைக் 'கட்டுமரம்' என்றார்கள். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் முதலில் ஒலிப்பதுதான் அதற்குக் கரணியம் போலும். நம் கோவளத்துப் பெண்கள் கேட்டிருந்தால் அப்பெயர்க்கு உரிய விடையை அப்போதே கொடுத்திருப்பார்கள்.

இனி நம் கடலுக்கு வருவோம். மதுராந்தகத்துக்கு உட்புறத்தில், கடலையே பார்த்திராத ஊரில், ஒரு மூதாட்டி தன் பேத்தியைப் பார்த்து, "கன்னத்தில் ஏன் கை வைத்திருக்கிறாய்? கப்பலா கவிழ்ந்துவிட்டது?" என்று கேட்கிறாள். அவள் வாழ்நாளில் கப்பலைக் கண்டதில்லை. அவள் மூதாதையர் எவரேனும் கண்டிருப்பர். கப்பலில் முதல் போட்டுக் கரையில் காத்திருந்த கூட்டமொன்று இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் ஏர் உழும் ஊரில் இந்தப் பேச்சு ஏது? பெண்ணுக்கு மணம் முடித்தவன், "ஒருவழியாய்க் கரையேற்றிவிட்டேன்" என்கிறான். கடன்பட்டவன் "கரை காணவில்லை" என்கிறான். வாழ்வில் வழி தெரியாதவன் தத்தளிக்கிறான், அலைக்கழிகிறான், அலைமோதுகிறான், சுழலில் சிக்குகிறான். ஆற்றங்கரையான் 'நட்டாற்றில் விட்டான்' என்று தன் பங்கைச் சேர்த்தான். மாமல்லைக் குன்றின்மேல் நிற்கும் விளக்குக்குக் கலங்கரை விளக்கம் என்கிறோம். அதில் வரும் கரை, மணற்கரை அன்று. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே வினை. இருளில் திசை தப்பிய கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு என்பது அப்பெயரின் பொருள்.

எல்லாவற்றினும் என்னை மகிழ்விக்கும் சொல் 'பாடு'. படு என்னும் வினையின் முதனிலை நீண்டு பாடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'படாத பாடு பட்டேன்' என்றால் நமக்குத் துன்பம். கடற்கரையில் போய்க் கேளுங்கள்: வலையில் மீன் படுவது மீன்பாடு. "இன்றைக்கு நல்ல பாடு" என்றால் துன்பமன்று, கூடை நிறைந்தது என்று பொருள். "அது உன் பாடு" என்றாலோ, உன் பொறுப்பு, நீயே பார்த்துக்கொள் என்றாகிறது. துன்பமும் வருவாயும் பொறுப்பும் ஒரே சொல்லின் மூன்று முகங்களாய் நிற்கின்றன. கடலுக்குப் போகிறவன் வாழ்க்கையும் அம்மூன்றுமாய்த்தானே இருக்கிறது? சிக்கல் என்னும் சொல்லையும் வலை பின்னுகிறவனிடம் கொடுத்துப் பாருங்கள். நாம் மேடையில் பேசும் சிக்கலை அவன் விரலால் எடுத்துக்காட்டுவான், எந்த இழையை முதலில் விடுவிக்கவேண்டும் என்பதையும் சேர்த்து.

இங்கே இலக்கணம் ஒன்று சொல்லவேண்டும். அஞ்சவேண்டா; சுருக்கமாய் முடித்துவிடுவேன். அந்த ஆங்கிலப் பட்டியலை மீண்டும் பாருங்கள். வெந்நீரில் இருக்கிறான், உப்புநீரில் இருக்கிறான், இடுக்கில் இருக்கிறான், குழியில் இருக்கிறான். ஒரு பெயர்ச்சொல், ஓர் 'இல்', ஓர் 'இருக்கிறான்'. இடர் என்பது அவர்களுக்கு ஓர் இடம். மாந்தன் அதற்குள் நிற்கிறான். தமிழில் அப்படியன்று. இடர் நமக்கு வந்து சேர்வது: எனக்குத் துன்பம் வந்தது, எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது. நான்காம் வேற்றுமை. அல்லது நாம் அதை உறுகிறோம், படுகிறோம்: துன்புற்றேன், அல்லற்பட்டேன். இடப்பொருளில் சொன்னாலும் வெறுமனே 'இருக்கிறேன்' என்று நிற்பதில்லை. சேற்றில் விழுந்தான், வலையில் பட்டான், பொறியில் அகப்பட்டான், சிக்கலில் மாட்டினான் என்று வினை வந்து நிற்கும். எப்படி அங்கே போனான் என்பதை அந்த வினையே சொல்லிவிடும். விழுந்தவன் தவறி விழுந்தவன். அகப்பட்டவன் பிறர் வைத்த பொறியில் அகப்பட்டவன். தானே தேடிக்கொண்டானா? அதற்கும் தனியே உண்டு: ஆப்பசைத்த குரங்கு, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன். இரு பக்கமும் அடியா? மத்தளம், இருதலைக் கொள்ளி எறும்பு. இதே நிலைக்கு ஆங்கிலேயன் பேய்க்கும் ஆழ்கடலுக்கும் இடையில் நின்றான். நாம் எறும்பை நெருப்புக்கு நடுவில் நிறுத்தினோம். விடவும் முடியாது, பிடித்திருக்கவும் முடியாது என்றால் புலிவாலைப் பிடித்தவன். இதை இரு மொழியாரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். யார் யாரிடம் வாங்கினார் என்று வழக்கு வேண்டா. இரு நாட்டிலும் புலியைப் பற்றிய அச்சம் ஒன்றுதான்.

இன்று நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் என்ன நடக்கிறது? 'அவர் அழுத்தத்தின் கீழ் இருக்கிறார்', 'கட்சி சிக்கலில் இருக்கிறது', 'நான் மன உளைச்சலில் இருக்கிறேன்'. சொல் தமிழ், எலும்பு ஆங்கிலம். பந்தாட்டக்காரனை எதிரணி நெருக்குகிறது என்றால் போதாதா? அவன் எதற்கு அழுத்தத்தின் கீழே போய்ப் படுத்துக்கொள்ளவேண்டும்? ஓர் இதழில் 'தலைவர் மெல்லிய பனிக்கட்டியின்மேல் நடக்கிறார்' என்று எழுதியிருந்ததைப் படித்தேன். நம் கொளவாய் ஏரி என்றைக்கு உறைந்தது? கத்திமேல் நடக்கிறார் என்று எழுதினால் குறைந்தா போகும்? ஆனால் ஒன்று. 'நாம் எல்லாரும் ஒரே படகில் இருக்கிறோம்' என்பதும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான்; அதை நான் திருத்துவதில்லை. பைபர் படகில் நால்வராய் ஏறிப்போகும் கரையோர மக்கள் அதைத் தம் பேச்சாகவே ஏற்பார்கள். வந்தது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளுவது அறிவுடைமை அன்று. இங்கே வேர்பிடிக்குமா என்று பார்க்கவேண்டும்.

தனிச்சொற்களின் கூத்தோ இன்னும் பெரிது. முன்பெல்லாம் நம்மவர் 'கசுட்டம்', 'அவத்தை', 'சங்கடம்', 'ஆபத்து' என்று வடசொல்லில் அழுதார்கள். இடர், தவிப்பு, இக்கட்டு, ஏதம் என்று எடுத்துக்காட்டி அதைத் திருத்தப் பலர் உழைத்தனர். இவ்வட்டத்துப் பல்லாவரத்தில் வாழ்ந்து 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் அவர்க்கெல்லாம் முன்னோடி. இப்போது ஆங்கிலத்தில் அழுகிறார்கள். 'டென்சனா இருக்கு', 'மூட் அவுட்', 'அப்செட்', 'டல்லா இருக்கு', 'போர் அடிக்குது'. இதில் நகைப்பு என்னவென்றால், 'மூட் அவுட்' என்று இலண்டனில் போய்ச் சொன்னால் எவனுக்கும் விளங்காது. அது தமிழுமன்று, ஆங்கிலமுமன்று. பெற்றோர் இருவரும் மறுத்துவிட்ட பிள்ளை.

இதனால் என்ன கேடு, பொருள் விளங்குகிறதே என்பீர்கள். விளங்குவதில்லை என்பதே என் வழக்கு. கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, காலையிலிருந்து தலை கவிழ்ந்தே இருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒன்னுமில்ல ஐயா, டென்சனா இருக்கு" என்றாள். தேர்வு நெருங்கிய வேளை. அதுதான் என்று யாரும் எண்ணுவர். பக்கத்தில் இருந்தவளும் "எனக்குந்தான் ஐயா டென்சன்" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தேர்வுதான். "டென்சன் கிடக்கட்டும், உனக்கு என்ன செய்கிறது என்று வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல் சொல்" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வயித்தப் பெசையுது ஐயா. அப்பா நேத்து விடியக்காலைல போனவரு இன்னும் கரைக்கு வரல" என்றாள்.

இரண்டு பெண்களும் சொன்ன சொல் ஒன்று. ஒருத்திக்குக் கணக்குப்பாடம், ஒருத்திக்குத் தந்தையின் உயிர். வயிறு பிசைகிறது என்ற ஒரு தொடரைக் கேட்டதும் எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. உடனே தலைமையாசிரியரிடம் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினோம். அவள் தந்தையும் உடன் போனவர்களும் பொறி பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டு, மறுநாள் தெற்கே வேறொரு குப்பத்தில் கரையேறினார்கள். அது அவர்கள் நல்வாய்ப்பு.

இடரை உடம்பின் வழியே சொல்வது தமிழின் வழக்கம். வயிறு பிசைகிறது என்பது அன்புக்குரியவரை எண்ணிய கலக்கம். அடிவயிறு கலங்குகிறது என்றால் அச்சம். நெஞ்சு படபடக்கிறது என்பது வரப்போவதை எதிர்பார்த்து; நெஞ்சு அடைக்கிறது என்பது வந்துவிட்டதைத் தாங்கமாட்டாமல். கையும் காலும் ஓடவில்லை என்றால் செய்வது அறியாத நிலை. இதைத்தான் இலக்கியம் கையறவு என்றது. தலைவன் இறந்தபின் சார்ந்தோர் செயலற்று நிற்பதைக் கையறுநிலை என்றே துறையாக்கினர். இடுக்கண் என்ற சொல்லுக்கே, துன்பத்தால் கண் இடுங்குதல் என்று பொருள் உரைப்பர்; வள்ளுவர் அதற்கு அஞ்சாமை பற்றி 63ஆம் அதிகாரம் முழுதும் வைத்தார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களம் வகுத்தார்: இளிவரல் ஒன்று, இழத்தல் ஒன்று, தன் நிலையிலிருந்து தாழ்தல் ஒன்று, வறுமை ஒன்று. பிறர் இகழ்ந்ததால் அழுகிறவனும் பெற்றவரை இழந்து அழுகிறவனும் கண்ணீரில் ஒன்றுதான். ஆறுதல் சொல்ல வருகிறவன் வேறுபாடு அறிந்தாக வேண்டும் அன்றோ? அலமரல், தெருமரல் என்னும் இரண்டும் சுழற்சியைக் குறிக்கும் என்று உரியியலில் சொன்னார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் 'டென்சன்' என்ற ஒற்றைச் சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

மருத்துவமனைக்குப் போங்கள். "நெஞ்சு கரிக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார். "நெஞ்சு அடைக்கிறது" என்று இன்னொருவர் சொல்கிறார். முதலாவது பெரும்பாலும் செரிமானக் கோளாறு. இரண்டாவது நெஞ்சாங்குலைக் கோளாறாய் இருக்கக்கூடும். நல்ல மருத்துவர் இரண்டையும் ஆய்ந்தே பார்ப்பார். ஆயினும் அடுத்து என்ன வினவவேண்டும் என்பதை நோயாளியின் வாய்ச்சொல்தான் அவருக்கு முதலில் காட்டுகிறது. இரண்டையும் 'செசுட் பெயின்' என்று மகன் மொழிபெயர்த்துச் சொன்னால், தாய் சொன்ன வேறுபாடு வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறது. குத்துகிறது, குடைகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, தெறிக்கிறது, விண்விண் என்கிறது என்று வலிக்கு மட்டும் எத்தனை வினை! ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குறி.

புதுச்சொல் ஆக்கினால் மக்கள் ஏற்கமாட்டார் என்று சொல்பவர்க்கு இரண்டு விடை. 1975ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் இந்திய அரசு அறிவித்த 'எமர்சென்சி', 1977 மார்ச்சில் நீங்கியது. அதை அன்று 'நெருக்கடி நிலை' என்றார்கள். ஒரு நாட்டின் நிலையைக் குறிக்கும் சொல். இன்று எந்தத் தமிழ் வரலாற்று நூலிலும் அதுதான் பெயர். மற்றொன்று நாம் கண்ணால் கண்டது. 2004 திசம்பர் 26ஆம் நாள் காலை, மாமல்லைக் கடற்கரையில் நீர் உள்வாங்கி, மணலில் புதைந்திருந்த பாறைகள் தெரிந்தன. பிறகு கடல் ஏறி வந்தது. செய்தித்தாள்கள் 'சுனாமி' என்றன. சப்பான் மொழியில் அதற்குத் துறைமுக அலை என்று பொருள். அவன் பட்ட பாட்டுக்கு அவன் இட்ட பெயர். சில நாட்களுக்குள் 'ஆழிப்பேரலை' என்று தமிழில் எழுதத் தொடங்கினர். மேடையிலும் நூலிலும் நினைவுக்கூட்டங்களிலும் அது நிலைத்துவிட்டது. பழைய உரைகளில் 'கடல்கோள்' என்ற சொல்லும் இருந்தது. கடல் கொண்டது என்பதில் இழவு இருக்கிறது, பேரலை என்பதில் காட்சி இருக்கிறது. நான் இரண்டையும் மாணவர்க்குச் சொல்வேன். குப்பத்துப் பெரியவர்களோ இரண்டையும் சொல்வதில்லை. "கடல் உள்ள வந்த அன்னைக்கு" என்று ஆண்டுக்கணக்கு வைக்கிறார்கள். அதனினும் செப்பமான தமிழ் எனக்குத் தெரியாது.

இங்கேதான் நம்மவர் சிலரிடம் எனக்கு மனத்தாங்கல். தனித்தமிழ் என்றால் பழம்பாட்டில் கிடந்த சொல்லைத் தோண்டியெடுப்பது என்று மட்டும் எண்ணுகிறார்கள். எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பரதவர் வாயில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு, செத்த சொல்லுக்கு மாலை போடுவது என்ன முறை? ஆங்கிலேயன் கயிறிழுத்தவன் பேச்சை அகரமுதலியில் ஏற்றினான். அதை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லும் நம் கடலோடியின் பேச்சு நம் பாடநூலில் எத்தனை பக்கம்? கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகிவிட்ட இந்நாளில், மரம் பிணைத்தவர்களின் சொற்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இன்னும் இருபது ஆண்டு கழித்துக் கேட்டால் சொல்ல ஆளிருக்காது.

ஆகவே இக்கூட்டத்தில் ஒன்றைக் கேட்கிறேன். ஆங்கிலப் பட்டியலைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதைப் படிக்கட்டும், தேர்வில் மதிப்பெண் வாங்கட்டும். ஒவ்வொரு தொடருக்கும் எதிரே, நம் வட்டாரத்தில் அந்நிலையை எப்படிச் சொல்கிறோம் என்று ஒரு வரி எழுதச் செய்யுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டா, பாட்டி சொல்வதைக் கேட்டு எழுதினால் போதும். என் மாணவர்கள் சென்ற ஆண்டில் இப்படி எழுதிய குறிப்பேடு மூன்று என்னிடம் உள்ளது. உழவர் வீட்டுச் சொல் நிறைய வந்திருக்கிறது. நெசவாளர் வீட்டுச் சொல் சிறிது. கடற்கரைச் சொல்தான் மிகக் குறைவு. கோவளம், மாமல்லை, சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் சற்று இருங்கள். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியவர், நான் 'பாடு' என்று சொன்னபோது தலையை ஆட்டிச் சிரித்தார். ஐயா, நான் சொன்னதில் ஏதோ விட்டுப்போயிற்று போலிருக்கிறது. உங்களிடமிருந்தே தொடங்கலாம், மேடைக்கு வாருங்கள்.